வயிற்றை வேலை வாங்குவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செரிமானம் பற்றி எழுதும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் 'அமிலம், அமிலம்' என்றே போடுகிறீர்கள், அதைச் சுரக்கச் சொல்வது யார் என்று ஒரு வரிகூடக் காணோம். காசிமேட்டில் தள்ளுவண்டிக்காரர் மசாலா தடவிய வஞ்சிரத்தை எண்ணெயில் போட்டு, அந்த 'சொர்ர்' சத்தமும் வாசனையும் வந்ததுமே எனக்கு எச்சில் ஊறிவிடும். அதோடு மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், ஒரு துண்டுகூட இறங்காத வயிற்றிலும் அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். சாப்பிட்டதும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் அதை இன்னும் கூட்டும். அப்புறம் அந்த எண்ணெய் சிறுகுடலைத் தொட்டால் கோலிசிஸ்டோகைனின் (பெயர்தான் வாயில் நுழையாது) ரத்தத்தில் கலந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும், இரைப்பையிடம் 'கொஞ்சம் மெதுவா அனுப்புப்பா' என்றும் சொல்லும். வறுவல் தின்ற ராத்திரி வயிறு கனமாகவே கிடப்பது அதனால்தான்.

1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டார்கள், அப்போதும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. நரம்பு இல்லாமலே செய்தி ரத்தம் வழியாகப் போயிருக்கிறது. அந்த ரத்தவழித் தூதுதான் செக்ரெடின். 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் வந்தது.

பல வருஷச் சர்க்கரை நோய் இந்த வேகஸ் நரம்பையும் கெடுக்கலாம், அப்போது இரைப்பை சாப்பாட்டைச் சீக்கிரம் கீழே தள்ளாது. நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும் என் அண்ணன் இது தெரியாமல் ரெண்டு வருஷம் கேஸ் மாத்திரை விழுங்கினார். இதையும் எழுதுங்கள் சார்.

– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை