அரையாண்டுத் தேர்வும் வியாழக்கிழமை ஆய்வக வகுப்பும்: பிளஸ் 2 பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நடந்து முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் சிறப்பாக நடந்தது. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

பிளஸ் 2 அறிவியல் பிரிவுப் பெற்றோர்களிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அரையாண்டில் நம் பிள்ளைகளை இழுத்துப் பிடித்த பாடம் வேதியியல். விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தேன். நான் தமிழாசிரியராக இருந்து இந்தத் தலைமையாசிரியர் நாற்காலிக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த வேதியியலை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். ஆனாலும் மதிப்பெண் எங்கே கசிகிறது என்பது எனக்கே தெரிந்தது. மின்வேதியியல் கணக்கில், மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதியவர்கள் மடக்கை (log) அட்டவணையைப் பார்க்கும் இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். கரிம வேதியியலில் பாதிப் பேருக்கு ஆல்டால் குறுக்கமும் கான்னிசரோ வினையும் இடம் மாறிவிட்டன. ஆல்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இருந்தால் ஆல்டால், இல்லாவிட்டால் கான்னிசரோ, அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, பென்சால்டிஹைடில் இல்லை என்று எங்கள் வேதியியல் ஆசிரியை எனக்கு இரண்டே நிமிடத்தில் விளக்கினார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகாமல் இரண்டு வினைகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்தால், தேர்வு அறையில் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல்தான் போகும்.

இதன் வேர் பிளஸ் 1-இல் இருக்கிறது. மோல் கணக்கும் வேதிச் சமநிலையும் கரிம வேதியியலின் அடிப்படையும் அங்கேதான் வருகின்றன. பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அரசு அறிவித்த பிறகு, அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்ட வீடுகளும் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். நீட் தேர்வில் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேட்கிறார்கள்.

இனி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

வேதியியல் ஆய்வக வகுப்பு வியாழக்கிழமை பிற்பகலில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து மாலைச் சிறப்பு வகுப்பு. சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் என் மேஜைக்குப் பதினோரு விடுப்புக் கடிதங்கள் வந்தன. பதினொன்றிலும் வயிற்றுவலி. அன்று மாலை டியூஷனில் மாதிரித் தேர்வு என்பது மறுநாள்தான் தெரிந்தது. கடிதங்களில் இருந்தவை உங்கள் கையெழுத்துகள். சில கையெழுத்துகளைப் பற்றி எனக்குச் சந்தேகமும் உண்டு, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்று வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறவர்கள் உங்களில் பலர். அந்தப் பதைப்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் டியூஷனில் கரைசலை அளந்து விடும் பியூரெட்டும் பிப்பெட்டும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை ஆய்வகத்துக்குப் போனேன். ஒரு மாணவன் பியூரெட்டில் பெர்மாங்கனேட் கரைசலை இன்னும் ஊற்றவே இல்லை. ஆனால் நோட்டில் மூன்று அளவீடுகளையும் எழுதி, சராசரியும் போட்டு வைத்திருந்தான். டியூஷனில் கொடுத்த அளவாம். அவனைச் செய்யச் சொன்னோம். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்க மறந்துவிட்டான். அதில் விட்ட பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் போகாமல் அப்படியே நின்றது. சூடாக்கிய பிறகு முதல் சில துளிகள் மெதுவாகவும் பின்னால் விட்டவை சட்டென்றும் நிறம் இழந்தன. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினைவேக மாற்றியாகிவிடுகிறது என்று ஆசிரியை சொன்னபோது, “இது புறப்பரப்பு வேதியியல் பாடத்தில் வருகிறதே!” என்றான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேதியியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், செய்முறை 20, அகமதிப்பீடு 10. அகமதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு. திணறுகிற பிள்ளையைத் தூக்கிவிடக்கூடிய 30 மதிப்பெண் பள்ளிக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெளியே எதைத் தேடுகிறோம்?

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். செய்முறைத் தேர்வு முடியும் வரை, வியாழக்கிழமை பிற்பகலில் கடிதத்தைக் காட்டி எந்த மாணவரும் வெளியே போக முடியாது. உண்மையிலேயே உடல்நலம் சரியில்லை என்றால் பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். வேலை நேரத்தில் வர முடியாதவர்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், நாங்களே திரும்ப அழைத்து உறுதிசெய்துகொள்வோம். அக்காவும் அண்ணனும் எழுதிக்கொடுத்த ரெக்கார்டு நோட்டுகளில் இனிக் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. இந்தப் பாடம் உண்மையாகவே கடினம்தான். குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையைத் திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவில் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால் அவர்களுக்கு அது புரிந்திருக்கிறது என்று பொருள். பதினொரு மணிக்கு மேல் கண்விழிக்க வைக்காதீர்கள். முதல் பிரிவேளையில் தூங்கி விழுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஐந்து மணி வரை வேதியியல் ஆசிரியை பள்ளியில் இருப்பார். மடக்கை அட்டவணை பார்க்கத் தெரியாதவர்களுக்கு அன்று தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார். கூச்சப்படாமல் அனுப்பிவையுங்கள்.

சென்ற மழையில் ஆய்வகக் கூரை ஒழுகியபோது, சொல்லாமலே தார்ப்பாய் கொண்டுவந்து கட்டிக்கொடுத்த பெற்றோர்களுக்கு நன்றி. அந்தத் தார்ப்பாய் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்