பள்ளிக் காவலருக்கு யாரையெல்லாம் தெரியும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் போலீஸாரைக் காவலுக்கு வைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி, கேமரா, பூட்டிய கதவு எல்லாம் வந்துவிட்டன. பள்ளியில் காவலுக்கு இருக்கும் அந்தப் போலீஸ் அதிகாரிக்கு யாரையெல்லாம் தெரியும் என்பது மட்டும் விட்டுப்போய்விட்டது. ஜார்ஜியாவில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அப்பாவாகவும், பள்ளியின் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் பெற்றோராகவும் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் 4ஆம் தேதி எங்கள் மாநிலத்தின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் நாடு முழுக்க மிரட்டல் படங்கள் பரவின. என் மகளின் ஃபோனுக்கும் ஒன்று வந்தது. பூப்போட்ட கட்டில் விரிப்பின் மேல் ஒரு துப்பாக்கி, கீழே எங்கள் பள்ளிப் பெயரின் முதலெழுத்துகள், 'வெள்ளிக்கிழமை வராதீங்க' என்று ஒரு வரி. இரவு பத்தரை மணி. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உடனே 911 அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டு, படத்தைப் பள்ளிக் காவல் அதிகாரிக்கும் அனுப்பினேன்.

முக்கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். அதே படம், அதே விரிப்பு, நான்கு நாள் முன்பு வேறொரு மாநிலத்தில் சுற்றியிருக்கிறது. அதே முதலெழுத்துகள் கொண்ட இன்னொரு பள்ளி. அங்கே விசாரித்து முடித்தும் விட்டார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கோடைகாலப் பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர் அதிகாரியாம். ஒரு ஃபோன், அவ்வளவுதான். மறுநாள் வாசலில் கூடுதலாக இரண்டு போலீஸார் நின்றார்கள், அதுவும் தேவைதான். ஆனால் என் மகள் அன்றிரவு தூங்கியது அந்த ஃபோனால்.

பள்ளிக் காவலர் வேலை தனிமையான வேலை. ஸ்டேஷனில் இருப்பவருக்குச் சுற்றிச் சக போலீஸார் உண்டு. இவர் ஆயிரம், இரண்டாயிரம் பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் பெரும்பாலும் ஒற்றை ஆள். ஆசிரியர்களுக்கு இவர் போலீஸ், ஸ்டேஷன்காரர்களுக்கு இவர் பள்ளிக்கூடத்து ஆள். இந்தத் தனிமையை உடைக்கத்தான் 1991இல் நாஸ்ரோ என்கிற பள்ளிக் காவலர்களின் தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். காவலர், வழிகாட்டி, பாடம் சொல்பவர் என்று மூன்று முகமும் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கோடைதோறும் மாநாடும் நடத்துகிறார்கள். எங்கள் அதிகாரி சொல்வது, மேடைப் பேச்சைவிட இடைவேளையில் வாங்கிய நம்பர்கள்தான் வருடம் முழுக்கக் கைகொடுக்கின்றன என்று.

நம்பர் இருந்தும் தகவல் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான உதாரணங்கள் இருக்கின்றன. 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் ஒரு பள்ளியில் ஓர் இளைஞன் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம்கூட இல்லாத நிலையில், ஜனவரி 5 அன்று, அந்த இளைஞனை அறிந்த ஒருவர் எஃப்.பி.ஐ.க்கு ஃபோன் செய்து எச்சரித்தார். அந்தச் செய்தி, விசாரிக்க வேண்டிய அவர்களுடைய மயாமி அலுவலகத்துக்குப் போகவே இல்லை. அப்பலாச்சியில் கைதான சிறுவனையும் 2023இல் பக்கத்து கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் ஆட்கள் ஒரு மிரட்டல் தொடர்பாக விசாரித்திருந்தார்கள். பிறகு அவன் கவுண்டி மாறி, பள்ளியும் மாறினான். அந்த எச்சரிக்கையும் கூடவே வந்ததா என்ற கேள்வி இன்னும் எங்கள் மனதை அரிக்கிறது. அன்று அவனை நேருக்கு நேர் நின்று சரணடைய வைத்தவர்கள் பள்ளிக் காவலர்கள்தான், அதை நன்றியோடு சொல்லவேண்டும்.

ஆள் பலம் மட்டும் போதாது என்பதற்கு டெக்சஸின் யுவால்டி சாட்சி. 2022 மே 24 அன்று அங்கே ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பல துறைகளிலிருந்து 376 அதிகாரிகள் திரண்டார்கள். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. யார் தலைமை என்பதே தெளிவாக இல்லை, ரேடியோவும் கட்டடத்துக்குள் சரியாக எடுக்கவில்லை. முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகியிருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

அப்புறம், ஒரு பயமும் எனக்கு உண்டு. இந்தத் தொடர்புகள் பிள்ளைகளைப் பற்றிய ஊர்வம்பாக மாறிவிடக் கூடாது. பள்ளிகளில் கைது என்று வந்தால் கறுப்பினப் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது பல வருடப் புகார். 2020இல் மினியாபொலிஸ், டென்வர் கல்வி வாரியங்கள் போலீஸே வேண்டாம் என்று முடிவெடுத்ததில் இந்தக் கோபமும் சேர்ந்திருந்தது. டென்வர் 2023இல் திரும்ப அழைத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பில் சண்டை போட்டவன் என்கிற பேச்சு அடுத்த பள்ளிக்கும் துரத்தி வருவது அநியாயம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பகிரலாம், அதுவும் பள்ளியின் ஆலோசகரையும் வைத்துக்கொண்டு என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்கவேண்டும்.

எங்கள் அதிகாரி பயிற்சிக்குப் போன செலவில் பாதியைத் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். சின்ன கல்வி மாவட்டங்களில் அனுப்புவதே கிடையாது. பயணச் செலவு, பதில் ஆள், பக்கத்து கவுண்டிகளின் பள்ளிக் காவலர்களோடு மாதம் ஒரு கூட்டம், இந்த மூன்றையும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லி நாங்கள் ஐந்து பெற்றோர் அடுத்த வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறோம். இங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உங்கள் வாசகர்களும் தங்கள் வாரியத்தில் இதைக் கேட்கவேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஜார்ஜியா மாநிலம், அமெரிக்கா