கொலம்பியா ஆற்றோரப் பயணம் குறித்து மகளுக்கு

பீவர்ட்டன், ஓரிகன்

அன்புள்ள நிலாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வருகிற செப்டம்பரில் இங்கே வரப்போவதாக எழுதியிருந்ததைப் படித்து அப்பாவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. மாப்பிள்ளைக்குச் சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீரில் ஆர்வம் உண்டென்றும், கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பீர் காய்ச்சும் ப்ரூவரிகளைப் பார்க்க அவர் ஆசைப்படுகிறார் என்றும், கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாய். தயங்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் மது என்ற பேச்சு வந்தாலே ஒன்று மூடி மறைப்போம், இல்லையென்றால் வசைபாடுவோம். வளர்ந்த பிள்ளைகளோடு அதைப் பற்றி நிதானமாகப் பேசும் பழக்கம் நமக்கு வரவே இல்லை. குடியால் நொடித்துப்போன குடும்பங்களைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதால் அதைக் குறையாகவும் சொல்ல மாட்டேன். நான் குடிப்பதில்லை, இனியும் அந்த எண்ணமில்லை. ஆனால் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தவளுக்கு ஈஸ்ட்டை வைத்துச் செய்யும் தொழில் எதுவும் அந்நியமில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் அப்பாவும் நானும் அதே வழியில் போய்வந்தோம். கார் ஓட்டியது நான், சுவைத்தது அப்பா. உங்கள் பயணத்துக்கு உதவும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

முதலில் வழி. போர்ட்லண்டிலிருந்து ஹூட் ரிவர் ஊருக்கு ஐ-84 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், சுமார் நூறு கிலோமீட்டர்தான். அப்படிப் போகாதீர்கள். ட்ரௌட்டேலில் இறங்கிப் பழைய கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். சாமுவேல் லங்காஸ்டர் என்ற பொறியாளர் வகுத்து, 1913-இல் தொடங்கி 1922-இல் கட்டி முடித்த சாலை அது. மலையைக் குடைந்து நேராகப் போவதற்குப் பதில், நல்ல காட்சி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சாலையை வளைத்துக் கொண்டுபோனார். ஏற்றம் எங்கும் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைத்துக்கொண்டார். அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வண்டிகளுக்காகப் போட்ட சாலையில் இன்றைக்கும் நம் கார் திணறாமல் ஏறுகிறது. ஓரங்களில் கல்லடுக்கிக் கட்டிய கைப்பிடிச் சுவர்கள் உண்டு, அவற்றின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள்.

கிரௌன் பாயிண்ட் முனையில் ஆற்றுக்கு மேலே 733 அடி உயரத்தில் நிற்கும் விஸ்டா ஹவுஸ், 1918-இல் வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காகவே கட்டியது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பனியூழியின் இறுதியில் மொன்டானா பக்கத்துப் பெரும் ஏரி மீண்டும் மீண்டும் உடைத்துக்கொண்டு பாய்ந்த வெள்ளங்கள் அரித்தெடுத்த வடிவம் இது. அடுத்து 620 அடி மல்ட்னோமா அருவி. 2017 செப்டம்பரில், ஒரு பதின்வயதுப் பையன் எறிந்த பட்டாசிலிருந்து பற்றிய காட்டுத்தீ இந்தப் பக்கம் ஐம்பதாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காட்டை எரித்தது. கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றின் காலடியில் பசுமை மறுபடி வந்துகொண்டிருக்கிறது.

போனவில் அணையைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ப்ரூவரி பார்க்கப் போகிறவர்களுக்கு அணை எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டால், ஆற்றைப் பார்க்காமல் அந்த ஆற்றோரத்துப் பீரை எப்படிப் புரிந்துகொள்வது என்று நான் கேட்டதாகச் சொல். அணையைத் தாண்டி மீன்கள் மேலேறுவதற்கென்று படிப்படியாக நீர் வழியும் பாதை அமைத்திருக்கிறார்கள்; கீழ்த்தளத்தில் அதற்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. செப்டம்பரில் சினூக் சால்மன்கள் வரும் காலம். கை நீளத்துக்கு மேலான ஒரு மீன், துடுப்பு ஓரங்கள் கிழிந்து, தோலில் வெள்ளைக் காயங்களோடு, எதிர்நீரில் நின்ற இடத்திலேயே சில நொடிகள் உடலை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே உந்தலில் மேலே போனதை என் முகத்துக்கு நேராகப் பார்த்தேன். இந்த ஆற்றின் மீன்களை நம்பியே வாழ்ந்த பழங்குடி மக்களின் சிலைலோ அருவி, 1957-இல் த டால்ஸ் அணையின் நீரில் மூழ்கிப்போனது. காஸ்கேட் லாக்ஸ் ஊரில், 1926-இல் கட்டிய 'கடவுளரின் பாலம்' அருகே, அந்த மக்கள் தாங்கள் பிடித்த சால்மனை இன்றும் விற்கிறார்கள். வாங்குவதென்றால் அவர்களிடமே வாங்குங்கள். அதே ஊரிலிருக்கும் தண்டர் ஐலண்ட் ப்ரூவரியில் மதிய உணவை முடித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து ஹூட் ரிவர் அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதற்குள் நிலமே மாறத் தொடங்கிவிடும். காஸ்கேட் லாக்ஸில் ஆண்டுக்கு 75 அங்குல அளவில் பெய்யும் மழை, கிழக்கே த டால்ஸ் போய்ச் சேரும்போது 14 அங்குல அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஈரமான மேற்குக்கும் வறண்ட கிழக்குக்கும் நடுவே ஹூட் ரிவர் இருக்கிறது. தெற்கே ஹூட் மலையின் பனியாறுகளிலிருந்து நீர் வருகிறது. பேரி, ஆப்பிள், செர்ரித் தோட்டங்கள் மலையடிவாரம் வரை போகின்றன. இந்த ஊரின் பீர் இவை எல்லாவற்றோடும் பிணைந்தது. ஃபுல் செயில் என்ற ப்ரூவரி 1987-இல் தொடங்கியதே ஒரு பழைய பழப் பதனிடும் ஆலைக் கட்டிடத்தில்தான். ஓரிகனில் காய்ச்சும் இடத்திலேயே பீர் விற்கலாம் என்று 1985-இல் சட்டம் வந்திராவிட்டால் இத்தனை சிறு ப்ரூவரிகள் இங்கே முளைத்திருக்குமா என்பது ஐயமே. 2007-இல் தொடங்கிய டபுள் மவுண்டனில் உள்ளூர்ச் செர்ரி சேர்த்து ஒரு புளிப்புப் பீர் செய்கிறார்கள். ஆற்றங்கரையிலேயே இருக்கும் ஃப்ரீம், 2012-இல் வந்தது, பெல்ஜிய முறைகளில் நாட்டம் கொண்டது. அப்பாவுக்கு எல்லாவற்றிலும் அதுவே பிடித்தது.

செப்டம்பர் என்று நீங்கள் தேர்ந்தது நல்லதாயிற்று, ஏனென்றால் அது பீரில் சேர்க்கும் ஹாப்ஸின் அறுவடைக் காலம். பதினெட்டடிப் பந்தலில் ஏறும் கொடியின் பெண் பூங்காய்களைத்தான் ஹாப்ஸ் என்கிறோம். பறித்தவுடன் அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். வழக்கமாக உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்துவார்கள். அறுவடை வாரங்களில் மட்டும் வில்லாமெட், யாக்கிமா பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து பறித்த சில மணி நேரத்தில் பச்சையாகவே கொண்டுவந்து கொதிகலனில் போடுகிறார்கள். ஓரிடத்தில் மேசைமேல் ஒரு கூடை நிறைய வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. பீரின் கசப்பும் மணமும் லுப்புலின் என்ற அந்தப் பொடியில்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்ததும் ஆரஞ்சுத் தோலும் பைன் பிசினும் கலந்தது போன்ற வாசனை எழுந்து, கை கழுவிய பிறகும் போகாமல் நின்றது. நம் நாட்டுக் கடைகளில் பீர் என்று விற்பதை வைத்து இதை எடைபோடக் கூடாது என்று அப்பா சொல்வது எனக்கு அந்த வாசனையிலேயே விளங்கிவிட்டது.

இனி நான் அம்மாவாகச் சொல்ல வேண்டியது. ஒரு நாளைக்கு இரண்டு ப்ரூவரி போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். சிறு சிறு கிளாஸ்களில் ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். ஒன்றையே இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள், முழுக் கிளாஸ் கேட்க வேண்டியதில்லை. கூடவே சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஓட்டுகிறவர் ஒரு வாய்கூடச் சுவைக்கக் கூடாது; இரத்தத்தில் 0.08 விழுக்காடு என்று சட்டம் வைத்திருக்கும் அளவு நம் வீட்டுக்குப் பொருந்தாது. திறந்த புட்டி காருக்குள் இருந்தாலே இங்கே குற்றம் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்லிவை. நான் வந்து ஓட்டுகிறேன். நீங்கள் இருவர் மட்டும் போக விரும்பினால் போர்ட்லண்டிலிருந்து ஹூட் ரிவருக்குப் பேருந்து ஓடுகிறது, ஊருக்குள் எல்லாம் நடக்கும் தொலைவுதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் மோசியர் தாண்டி ரோவேனா வளைவுகள் வரை போய்ப் பாருங்கள். அங்கே காடு முடிந்து பொன்னிறப் புல்வெளி தொடங்கிவிடும். காற்று பலமாக வீசும், இருவருக்கும் கனமான மேல்சட்டை வேண்டும். வாரக் கடைசியில் கூட்டம் அதிகம் என்பதால் செவ்வாய் புதன் போல் வைத்துக்கொள்ளலாம். எந்த வாரம் என்பதை மாப்பிள்ளையிடம் கேட்டு இந்த மாதத்துக்குள் எழுது, ஹூட் ரிவரில் அறை பதிவு செய்யும் வேலையை அப்பா பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா