பெத்தாவும் முல்லைக்கார அண்ணரும்: நம்மட சுடலை துப்பரவாக்க வந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இத போன மாசமே எழுதியிருக்கணும். சிறுபோக வெட்டு, மறுகா மகன்ட சோதினை எண்டு தள்ளித் தள்ளிப் போயிட்டு, கோவிக்காதீங்க.

தெரியாத ஆக்களுக்காக ஒள்ளுப்பம் சொல்றன். மட்டக்களப்புல மண்டூருக்கு அங்கால நம்மட வயல் வட்டைக்குப் பக்கத்துல ஒரு திட்டி இருக்கு, அரை ஏக்கர் வரும், அதுதான் நம்மட குடும்பச் சுடலை. மாரியில வட்டை முழுக்க தண்ணி நிக்கும், ஊர் மயானத்துக்கு பெட்டி தூக்கிப் போக ஏலாது, நம்மட பக்கம் எரிக்கிறத விட தாக்கிறது, அதாவது புதைக்கிறதுதான் கூட, அதால தண்ணி ஏறாத அந்தத் திட்டியில தாட்டிருக்காங்க. காணி பெத்தாட அம்மாக்கிட்ட இருந்து பெத்தாக்கு, அதாவது என்ட அம்மம்மாக்கு, மறுகா அம்மாக்கு, இப்ப என்ட பேருல உறுதிப் பத்திரம் இருக்கு. உறுதி மட்டும்தான் இருந்த, இடத்த நான் இந்த வருஷம் வரைக்கும் கண்ணால கண்டதே இல்ல, என்னெண்டா பொம்புளையள் சுடலைக்கு போறல்ல.

இதுலதான் முழுச் சிக்கலும் கிடந்த. யாருக்கு யாரு என்ன முறை, எந்தப் புள்ள எந்த வருஷம் செத்த, எல்லாம் பெத்தாட வாயில இருக்கு, ஆனா அவ ஒரு நாளும் அங்க போகல்ல. எந்த மேட்டுல ஆரத் தாட்ட எண்டு முல்லைக்காரரா நம்மட வயல் காணி பாத்த அண்ணருக்குத் தெரியும், அவரு சின்னதுல இருந்து அவங்கட அப்பாவோட குழி வெட்டினவரு, ஆனா குடும்பக் கதை அவருக்குத் தெரியா. எழுபது வருஷமா ரெண்டு பேரும் ஒரே ஊருல இருந்தும் இதப்பத்தி கதைச்சதே இல்லையாம்!

முதல் நன்றி முல்லைக்கார அண்ணருக்குத்தான். எழுபத்தாறு வயசுல மூணு நாள் வெயிலுக்க நிண்டாரு. நாயுண்ணிப் பத்தை ஆளுயரத்துக்கு நிக்கு, யானை வந்து போன தடம் வேற, அதுக்குள்ள போய் கம்பால தட்டித் தட்டி "இதுல ஒண்டு, இதுல ஒண்டு" எண்டு காட்டினாரு. தலை தெற்காலதான் வச்சிருப்பாங்க எண்டதால ஒரு மேடு தெரிஞ்சா அடுத்தத அவரு கணக்குப் பாத்துப் பிடிச்சிருவாரு. இருபத்தொரு இடம் கண்டுபிடிச்சம், அதுல கட்டினது ஆறுதான், பழைய செங்கலும் சுண்ணாம்பும். ஆறுல நாலு 1978 நவம்பர் 23 சூறாவளியில மரம் விழுந்து உடைஞ்சது, பெத்தா இண்டைக்கும் அத புசல் எண்டுதான் சொல்லுவா. மறுகா யுத்தத்தால 90ல ஓடினம், 2007ல திரும்ப ஓடினம், காடு அது பாட்டுக்கு ஏறிட்டு.

காடு வெட்ட வந்த தம்பிமாருக்கு, கத்தியும் மிசினும் கொண்டு வந்த மச்சானுக்கு, ரெண்டு நாள் சோறும் மீன் ஆணமும் கட்டிக்கொண்டு வந்த பெரியம்மாக்கு நன்றி. சம்பளம் கேட்டதுக்கு தம்பிமார் பெற்றோல் காசு மட்டும் எடுத்தாங்க, அத நான் மறக்க மாட்டன்.

கல்லுல பேர வாசிக்கேக்குள்ளதான் அடுத்த குழப்பம் வந்த. ஒவ்வொரு கல்லுலயும் வேற வேற முதல் எழுத்து, வேற வேற ஊர், இது என்ன நம்மட சுடலையா ஊரார்ட சுடலையா எண்டு என்ட மனிசன் பகிடி பண்ணினாரு. பகிடி இல்ல, உண்மை. நம்மட பக்கம் மாப்பிள்ளைமார்தானே பொண்ணுட வீட்டுக்கு வாற, களுதாவளையில இருந்தும் குருமண்வெளியில இருந்தும் பாதைப் படகுல ஏறி வாவியக் கடந்து வந்து இங்கயே இருந்து இங்கயே செத்தவங்க அவங்க. 1876ல வெள்ளைக்காரன் சட்டம் போட்டு, தாய்வழியில சொத்து போற பழைய முக்குவச் சட்டம் எழுத்துல இல்லாம போனாலும் வீடு வளவு பொம்புளப் புள்ளைக்கு எண்டது நம்மட ஆக்கள்ட்ட மாறல்லதானே. அப்பா பேர வச்சு தேடினா பேர் தெரிஞ்ச எல்லாரும் அந்நியம், தாய வச்சு தேடினா எல்லாம் ஒரே கொடி.

அந்தக் கொடிய எழுதித் தந்தது ஓய்வு பெற்ற தமிழ் ரீச்சர். ஒரு கல்லுல "ஆனந்த வருஷம் பங்குனி" எண்டு மட்டும் இருந்த, நாங்க முழிச்சம். ரீச்சர் விரல் மடிச்சு எண்ணி, இது 1915 இல்லாட்டி 1975, அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வரும் எண்டா. 1975 நான் பிறந்த வருஷம், அந்த நேரம் வீட்டுல செத்த வீடு நடந்திருந்தா அம்மாக்குத் தெரியாமலா போகும்? அப்ப 1915தான். அது பெத்தாட பெத்தா. ரீச்சர், நீங்க தேத்தண்ணி கூட குடிக்காம போனீங்க, ஒரு நாள் வரணும்.

பழைய கல்வெட்டுப் புத்தகம், செத்தவங்கட நினைவா அந்தியேட்டிச் சடங்குக்கு அடிச்சதுகள, பெட்டகத்துல இருந்து தேடி போட்டோ எடுத்து அனுப்பின கனடா சித்திக்கும் லண்டன் மாமாக்கும் நன்றி. சித்தி அனுப்பினதுல ஒரு பக்கம் கறையான் அரிச்சது, அரிச்ச பக்கத்துலதான் எனக்கு வேண்டிய பேரும் இருந்த, என்ட ராசி அப்படி.

ஒரு அலுவலகத்துல ஃபைல் இல்ல எண்டு நாலு தரம் அலைய வச்சாங்க, பேர் வேணாம். ஐஞ்சாந்தரம் என்னோட வந்து நிண்டு அத எடுத்துத் தந்த கிராம சேவகருக்கு பெரிய நன்றி. அளவை பிளானுல திட்டிய "சுடலை" எண்டே கீறியிருந்த, அத வச்சுத்தான் எல்லைக் கல்லுப் போட்டம்.

கடைசி நாள் மகன் போன்ல வீடியோ கோல் போட்டு பெத்தாக்கு காட்டினான். தொண்ணூத்தொரு வயசு, கண்ணுக்கு கிட்ட பிடிச்சுக்கொண்டு பாத்தா. அழுவா எண்டு நினைச்சம், அழல்ல, அண்ணர்ட்ட "அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னது இருக்கணுமே, என்ட தங்கச்சி" எண்டா. அண்ணர் ரெண்டடி தள்ளி நிண்ட இடத்துலயே குனிஞ்சு மண்ணத் தடவினாரு. இருந்த. அதோட இருபத்திரெண்டு.

நானும் போனன். சில பெரியாக்களுக்கு அது பிடிக்கல்ல, தெரியும். பெத்தாதான் "உன்ட காணிக்கு நீ போ" எண்டா.

இன்னும் மூண்டு மேட்டுக்கு பேர் இல்ல. ஆர்ட்டயாவது பழைய கல்வெட்டோ செத்த வீட்டுப் படமோ இருந்தா அம்மாட வீட்டுக்கு கொண்டு வாங்க, படம் எடுத்துட்டு கையோட திருப்பித் தாறம். மாரி தொடங்க முதல் வேலி போடணும், நாப்பது கம்பம் பத்தாது, இன்னும் பதினஞ்சு வேணும், மழை விழுந்தா அந்த ரோட்டால லேண்ட்மாஸ்டர் உழவு மிசினும் போகாது.