வர்தாவில் விழுந்த வேம்பு

டேய் சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மா நலம், முட்டி வலி அப்படியேதான். இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது கதவு. உள்ளறைக் கதவுகளை மாற்றுகிறேன்.

நவம்பர் மழை பிடித்தால் எங்கள் கதவுகளைத் தோளால் இடித்தால்தான் திறக்கும், சித்திரையில் பார்த்தால் விரல் நுழையும் இடைவெளி. இத்தனை நாளும் சென்னைக் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆசாரி பார்த்துவிட்டு, "காயாத மரம் சார், அதுவும் பலகையைச் சட்டத்துல வெட்டின காடிக்குள்ள பசை போட்டு இறுக்கிட்டான், உப்ப இடமில்லாம சட்டத்தைத் தள்ளுது" என்றார்.

சரி, தேக்கே வாங்கிவிடலாம் என்று மூலக்கடைப் பக்கம் மரவாடி மரவாடியாக அலைந்தோம். எங்கே போனாலும் "பர்மா தேக்கு சார்". பர்மாக்காரன் உருட்டு மரம் ஏற்றுமதியை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டான், இவர்களுக்கு மட்டும் தீரவே தீராது போல. ஒரு சட்டத்தில் பாதி வெள்ளை. ஆசாரி நகத்தால் கீறி, "வைரம் பாஞ்ச நடுமரம் எங்க, இந்த வெள்ளை கரையானுக்குச் சோறு" என்று கடைக்காரர் காதுபடவே சொல்ல, நான் செல்போனைப் பார்ப்பதுபோல் வெளியே நழுவினேன். படாக் மரம் செக்கச்செவேலென்று அழகுதான், ஆனால் என்ன கனம்! கன அடி விலையை உன்னிடம் சொல்ல மாட்டேன், உனக்கு ரத்தக்கொதிப்பு. ஃப்ளஷ் டோர் போட்டுத் தொலைக்கச் சொல்கிறாள் மீனா.

அப்போதுதான் அந்த வேம்பு ஞாபகம் வந்தது. 2016-இல் வர்தா புயல் சாய்த்ததே, நீ கை ஒடித்துக்கொண்ட அதே மரம். அப்பா அதைப் பலகையாக அறுத்து, நடுநடுவே ரீப்பர் கட்டை வைத்துக் காற்றோட்டமாக மாடிப்படிக்கு அடியில் அடுக்கியபோது நாம் எப்படிச் சிரித்தோம்! இழுத்துப் பார்த்தால் ஏழெட்டுப் பலகை பாம்பாய் முறுக்கிக் கிடக்கிறது, மிச்சமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். ஆசாரி தூளை நாக்கில் வைத்து, "இன்னும் கசக்குது சார்" என்றார். அப்பா இருந்திருக்கலாம்டா.

இரண்டு அறைக்குத் தேறும். இந்த முறை பலகைக்குப் பசை கிடையாது, காடிக்குள் சும்மா நிற்கும். பாத்ரூமுக்கு மட்டும் பிளாஸ்டிக் கதவு.

ஒரே ஒரு பலகையில்தான் வம்பு. ரம்பம் எதிலோ மோதி இரண்டு பல் போச்சு. பிளந்து பார்த்தால் உள்ளே துருப்பிடித்த நாலங்குல ஆணி. ஊஞ்சல் கட்ட அடித்தது நீ, சுத்தியல் கொடுத்தது மட்டும்தான் நான். மில்காரர் பிளேடுக்குப் போட்ட பில்லை அனுப்பியிருக்கிறேன், உன் பங்கு முக்கால்.

ரவி