பாப்பம்மாள் ஒரு கடைக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் பாட்டி 2024 செப்டம்பர் 27 அன்று காலமானார். 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தபோதே அவருக்கு வயது 105 என்று செய்திகள் வந்தன. அப்போதிருந்து அவரைப் பற்றி வந்த கட்டுரைகளையும் அஞ்சலிக் குறிப்புகளையும் கண்ணில் பட்டவரை படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அவர் 'மூத்த இயற்கை விவசாயி'. அது உண்மைதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவர் முதலில் கடைக்காரர். அந்தப் பகுதியை மட்டும் எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். பாட்டி நடத்திவந்த மளிகைக்கடை பாட்டிக்குப் பிறகு அவர் பொறுப்புக்கு வந்தது. பின்னர் சாப்பாட்டுக் கடையும் போட்டார். இந்த வியாபாரத்தில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். பிற்காலத்தில் அதில் பெரும்பகுதியை விற்றுவிட்டு இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு வாழை போட்டார். நாம் படங்களில் பார்த்து வியந்த அந்தத் தோட்டம் பரம்பரையாக வந்ததல்ல. பருப்பும் புளியும் நிறுத்துப் போட்டு, அடுப்பங்கரையில் நின்று, காசைச் சேர்த்து வாங்கிய மண். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல். அவர் தலைமுறைப் பெண் ஒருத்தி தன் சம்பாத்தியத்தில் நிலம் வாங்கினாள் என்றால், அது எவ்வளவு பெரிய வியாபார வெற்றி! அதை ஏன் நாம் அப்படிச் சொல்வதில்லை?

2021ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ பட்டியலை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து 'வணிகம், தொழில்' பிரிவில் இரண்டு பெயர்கள்: ஸ்ரீதர் வேம்பு, மறைந்த கோவை பி.சுப்பிரமணியன். இருவருமே தகுதியானவர்கள். பாப்பம்மாள் 'வேளாண்மை' என்ற தலைப்பின்கீழ் வருகிறார். அதே பட்டியலில் மகாராஷ்டிரத்தின் ஜஸ்வந்திபென் போபட்டும் இருக்கிறார். 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்களே, அந்த லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருக்கு வணிகப் பிரிவிலேயே கொடுத்தார்கள். அதாவது, ஒரு பெண்ணின் சிறு தொழில் ஊர் ஊராகக் கிளை விட்டு வளர்ந்தால் அது வணிகம். ஒரே ஊரில், ஒரே கடையில் ஆயுள் முழுக்க நின்றால் அது கண்ணில் படுவதே இல்லை. விருது கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவரை வேளாண்மைக்காகத்தான் கௌரவித்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் பத்திரிகைகளாவது மீதிக் கதையை எழுதியிருக்கலாம்.

ஏனென்றால் மற்ற எல்லாமே அந்தக் கடையோடு சேர்ந்தவை என்று நான் நினைக்கிறேன். அவர் காரமடை பஞ்சாயத்து யூனியனில் கவுன்சிலராக இருந்தார். திமுகவில் பழைய ஆள். 2024இல்கூடக் கட்சி அவருக்குப் பெரியார் விருது அறிவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்து, விவசாயிகள் விவாதக் குழுவில் அமைப்பாளராகவும் இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண்ணுக்கு நாலு பேர் கூடிய சபையில் எழுந்து பேசும் தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? சிற்றூர்க் கடையில் தினமும் உட்கார்ந்திருப்பவருக்கு அது தொழிலிலேயே படிந்துவிடும். யார் வீட்டில் சுகமில்லை, யாருக்கு வேலை போயிற்று, எந்தப் போர்வெல்லில் தண்ணீர் வற்றியது, எல்லாம் முதலில் கடைக்குத்தான் வரும். எல்லாச் சாதிக்காரர்களோடும், எல்லாக் கட்சிக்காரர்களோடும் கோபப்படாமல் பேசியாக வேண்டும். விலை சொல்லவும் தெரிய வேண்டும், சொன்ன விலையில் நிற்கவும் தெரிய வேண்டும்.

என் பெரியம்மா ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை நடத்தினார். சுற்றிலும் கூலிக்குப் போகிற குடும்பங்கள். வாரம் முழுக்க நோட்டில் கடன் எழுதுவார், கூலி வாங்கும் நாளன்று கணக்கு நேராகும். மழை பொய்த்த மாதங்களில் நேராகாது. அப்போது எந்தப் பொருளுக்குக் கடனை முதலில் நிறுத்துவது என்று அவருக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் நிற்பது பீடி. அப்புறம் வெற்றிலை பாக்கு. அதற்கப்புறம் முகத்துக்குப் போடும் பவுடர், சோப்பு. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கடைசிவரை நிற்காது, ஆனால் அளவு குறையும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவும் குறையாது. இதை நாம் இரக்கம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு முதல் வெளியே நிற்கலாம், எந்தக் கடன் எப்போது திரும்பும், மொத்த வியாபாரியிடம் எத்தனை நாள் தவணை சொல்லலாம் என்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு அது. இரண்டு முறை மழை பொய்த்தும் கடை மூடாமல் இருந்ததற்கு அந்தக் கணக்குதான் காரணம். கடை மூடியிருந்தால் அந்த ஊருக்குக் கடன் கொடுக்க வேறு யாரும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வங்கிக்குப் போய்க் கடன் கேட்டபோது, கடை யார் பெயரில் என்று கேட்டார்கள். உரிமம் பெரியப்பா பெயரில். அவர் கல்லாவில் உட்கார்ந்ததே கிடையாது. கடன் கிடைக்கவில்லை. இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. தொழிலாளர் கணக்கெடுப்புகளில் சுயதொழில் செய்வோரை வகை பிரிக்கும்போது, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர் என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. பெயர் கணவருடையது, உழைப்பு மனைவியுடையது என்ற கடைகளில் பெண் அந்தப் பிரிவில்தான் போய் விழுவாள். இப்போது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' பதிவு 2020 முதல் இணையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. தனி உரிமையாளர் என்றால் அவருடைய ஆதாரை வைத்தே பதிவு செய்கிறார்கள். கடை நடத்தும் பெண்கள் தங்கள் பெயரிலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் தடுக்கக் கூடாது.

வயதானவர்கள் நிலை இன்னும் மோசம். சிறு வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்தான் சேர முடியும். 60க்கு மேல் மாதம் 3,000 ரூபாய் வரும். நல்ல திட்டம்தான். ஆனால் அது வந்தபோதே அறுபதையும் எழுபதையும் தொட்டுவிட்ட கடைக்காரப் பெண்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் உட்கார்ந்திருப்பது ஆசையால் மட்டும் அல்ல, எழுந்தால் வருமானம் இல்லை என்பதாலும்தான். நூறு வயதிலும் உழைக்கிறார் என்று நாம் பூரிக்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள். சிற்றூர்களில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகக் கடை, மில், மண்டி, சாப்பாட்டுக் கடை நடத்திவரும் பெண்களைப் பற்றி ஒரு தொடர் எழுதுங்கள். மகளிர் தினம்வரை காத்திருக்க வேண்டாம். மறைவுச் செய்தியாகவும் வேண்டாம், அவர்கள் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே போங்கள். 'இந்த வயதிலும் எப்படி இவ்வளவு சுறுசுறுப்பு' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் சரக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் நஷ்டம், அதிலிருந்து எப்படி மீண்டார்கள், வாராக் கடன் எவ்வளவு, யாருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள், கடைப் பலகையில் யார் பெயர் இருக்கிறது, இதையெல்லாம் கேளுங்கள். சம்மதித்தால் பழைய கணக்கு நோட்டுகளையும் வாங்கிப் பாருங்கள். பலரும் அவற்றைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோவை மாவட்ட வாசகி ஒருவர்