செயல்முறைப் படம்: அடுத்த வார வகுப்புக்கு ஒரு வேண்டுகோள்

வணக்கம். மென்பொருள் பொறியியலும் வணிகச் செயல்முறை மேலாண்மையும் நடத்தும் அனைவருக்கும்.

இந்த வாரம் திருத்திய மாணவர்களின் செயல்முறைப் படங்களில் (ஒரு வேலை படிப்படியாக நடக்கும் விதத்தைக் காட்டும் வரைபடங்களில்) ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. எக்ஸ்குளூசிவ் கேட்வேயில் (பாதைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் முனை) பிரித்த பாதைகளைப் பேரலல் கேட்வேயில் (எல்லாப் பாதைகளும் வந்து சேரும்வரை காத்திருக்கும் முனை) சேர்க்கிறார்கள். டோக்கன், அதாவது வேலை இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் அடையாளம், ஒரு பாதையில்தான் வரும், சேருமிடமோ இரண்டுக்கும் காத்திருக்கும். செயல்முறை அங்கேயே நின்றுவிடும். பார்வைக்குப் படம் சரியாகத் தெரிவதுதான் சிக்கல்.

படத்தை அச்சிட்டு, ஒரு நாணயத்தை டோக்கனாக நகர்த்தச் சொல்லுங்கள். என் வகுப்பில் மாணவர்களே பிழையைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு! அப்புறம் அதே படத்திலிருந்து பாதைக்கு ஒன்றாக மென்பொருள் சோதனைகளை எழுத வைக்கலாம்.

குறியீடுகளுக்கு 2011-இல் வெளிவந்த, செயல்முறைப் படங்களுக்கான குறியீட்டுத் தரமான பிபிஎம்என் (BPMN) 2.0 போதும். உங்கள் பயிற்சிப் படங்களை வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பகிருங்கள்.